வர்க்கிப் பொட்டலத்தில் ஓர் ஆபீஸ்

என் கணவருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெட்டியாக ஊர் சுற்றும் பழக்கமும் கிடையாது. இதையெல்லாம் சொல்லித்தான் தேவாலாவுக்கு வந்து என் அப்பாவிடம் பெண் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அழித்துவிட்டு வேறு சிஸ்டம் போடும் பழக்கம் மாப்பிள்ளைக்கு உண்டு என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அப்பா கொஞ்சம் யோசித்திருப்பார். நானும் யோசித்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்து விழச் செய்துவிட்டு உள்ளே போனேன். சுரேந்திரன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். லேப்டாப் திரையிலும் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எலியா கங்காருவா என்று தீர்மானிக்க முடியாத ஒரு பிராணி.

"ஏனுங்க, இது என்ன?"

"குவாக்கா. ஆஸ்திரேலியாவுல இருக்கிற மிருகம். அதோட பேருல ஒரு சிஸ்டம். உலகம் பூரா ஆளுங்க சம்பளம் வாங்காம சேந்து செய்யறாங்க. ஆன் பண்ணிப் பாரேன், கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும்."

"என் ஸ்லைடெல்லாம் எங்கீங்க?"

"பத்திரமா இருக்குது. காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான அழிச்சேன்?"

காப்பி இருந்தது. அதில் பொய் இல்லை. நான் கிளிக் செய்தேன். "இதை எதில் திறக்க வேண்டும்?" என்று அந்தப் பிராணி ஆங்கிலத்தில் கேட்டது. கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தது. திறப்பதற்கு அதனிடம் ஒன்றுமே இல்லை. எழுதக்கூடிய ஆபீஸ் மென்பொருள் இல்லை, கணக்குப் போடுவது இல்லை, ஸ்லைடு காட்டுவதும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரவேணுவுக்குக் கீழே இருக்கும் ஆஷ்கிராஃப்ட் எஸ்டேட்டில் நான் ஒன்பது வருடமாக சூப்பர்வைசர். தாவரவியலில் டிகிரி இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் "தற்காலிகம்" என்றுதான் எழுதுவார்கள். இந்த வருடம் முதல் முறையாக ஃபீல்டு ஆபீசர் வேலைக்கு ஒரு பெண்ணையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் நான்தான். திங்கட்கிழமை கோத்தகிரி ஆபீசில், ஜெனரல் மேனேஜர் முன்னால், அடுத்த வருடத்துக்கான கவாத்துத் திட்டத்தை இருபது நிமிடம் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். அவரவர் லேப்டாப்பை அவரவர் கொண்டுவர வேண்டும்.

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவாத்து. எந்த ஃபீல்டை எப்போது வெட்டுவது என்று தெரியாமல் வெட்டினால் கொழுந்தும் போகும், செடியும் போகும். நான் பாதி ஸ்லைடு முடித்து வைத்திருந்தேன். பதினான்கு ஃபீல்டுக்கும் பதினான்கு நிறத்தில் வரைபடம். போனிலேயே செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். பதினான்கு நிறத்தைக் கட்டைவிரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் பேசட்டும்.

"பழைய சிஸ்டம் ஆன் பண்ணுனா, டீ போட்டுக் குடிச்சு டம்ளர் கழுவி வெச்சாலும் சுத்திக்கிட்டே இருக்குமில்ல?" என்றார் சுரேந்திரன். "ஜிஎம் முன்னாடி அது மாதிரி சுத்தினா யாருக்கு அசிங்கம்? உனக்காகத்தான் ரஞ்சனி போட்டேன்."

எனக்காகத்தான் போட்டிருக்கிறார். அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. எனக்காகச் செய்த மனிதரை வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை. பாதி வாய் திட்டினேன்.

பழைய சிஸ்டத்தையே திருப்பிப் போடலாம் என்றால், அந்த சிடியின் மேல் நான் புளி டப்பாவை வைத்துப் பல மாதம் ஆகி, அது கீறல் விழுந்து வீணாகிப் போயிருந்தது. ஊட்டி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் ஜலாலுதீன் பாய்க்கு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் போய்ப் போன் போட்டோம். மலை மேல் இருக்கும் அத்தனை எஸ்டேட் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர். சாகக் கிடக்கும் கம்ப்யூட்டர் எது வந்தாலும் குவாக்காவைப் போட்டு உயிர் கொடுத்து அனுப்புவார். சுரேந்திரனுக்கும் இந்த எலியை அறிமுகப்படுத்தியது அவர்தான்.

"தங்கச்சி, மெசினைக் கொண்டாந்து குடுத்தீங்கன்னா செவ்வாக்கெழமை பழைய மாதிரியே பண்ணித் தர்றேன்," என்றார் பாய்.

"திங்கக்கெழமை இன்டர்வியூங்க பாய்."

"அல்லாவே," என்றார். "குவாக்காவுக்கு ஆபீசுன்னு ஒண்ணு நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா. இதுல பாட்டுக் கேப்பாங்க, பேரப்புள்ளைங்க முகத்தைப் பாப்பாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் ஆபீசு ஆபீசுன்னு மாசக் கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காரு. இல்லீங்க சார், இல்லீங்க சார்னு அவருக்கும் பதில் சொல்லியே எனக்கு அலுத்துப் போச்சு."

சனிக்கிழமை தேடல் தொடங்கியது. எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டி வளைவில்தான் வரும். அங்கே போய், ஒரு கையில் குடையும் மடியில் லேப்டாப்புமாக, எல்லோரும் போகிற வழியில் உட்கார்ந்தோம். கொழுந்துச் சாக்கோடு போன பெண்கள் நாங்கள் சினிமா பார்ப்பதாக நினைத்துக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். ஒன்றும் ஓடாததால் போய்விட்டார்கள்.

குவாக்காவுக்கென்று ஒரு கடை இருக்கிறது, எல்லாம் இலவசம். அதில் "ஆபீஸ்" என்று தேடினால் முதலில் வந்தது ஒரு விளையாட்டு. நாம் ஒரு ஆபீசுக்கு முதலாளி, லீவு கேட்டு வருகிறவர்களை விரட்ட வேண்டும். அடுத்தது கணக்குப் போடுகிற ஒன்று. ஜெர்மனியில் ஒரு மாணவர் செய்யத் தொடங்கி, படிப்பு முடிந்ததும் பாதியில் விட்டுவிட்டார். கூட்டல் வந்தது, பெருக்கல் வரவில்லை. மூன்றாவது வெறும் எழுத்துப் பலகை. அதில் "கொழுந்து" என்று தமிழில் அடித்தேன். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி விழுந்தது. சுரேந்திரன் அதைப் பார்த்து, "இதை அவங்ககிட்டச் சொன்னா சரி பண்ணிருவாங்க," என்று உற்சாகமாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். "ஒரு வருசத்துல," என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. சுரேந்திரன் விடுகிற ஆள் இல்லை. ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். எங்கே ஃபியூஸ் போயிருக்கிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போகிற மாதிரி, குவாக்காக்காரர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொரு பேச்சாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். சாயங்காலம் மூடுபனி இறங்குகிற நேரத்தில், "கெடச்சிருச்சு!" என்று கத்தினார். பக்கத்துச் செடியிலிருந்து ஒரு குருவி பறந்து போனது.

பிரேசிலில் ஒரு அம்மாள், எழுதுவது, கணக்கு, ஸ்லைடு மூன்றும் சேர்ந்த ஆபீஸ் மென்பொருளைக் குவாக்காவில் ஓடுகிற மாதிரி செய்து போன வாரம்தான் வைத்திருந்தார். கடையில் இன்னும் சேர்க்கவில்லை. அந்தப் பேச்சின் அடியில் ஒரு லிங்க் மட்டும் இருந்தது. அந்த முகம் தெரியாத அம்மாளை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையோடு டவுன்லோடு போட்டால், தண்ணீர்த் தொட்டி சிக்னல் அதைப் பாதியில் விட்டது. மறுபடி போட்டோம், மறுபடி விட்டது. கடைசியில் சுரேந்திரன் லிங்க்கைப் பாய்க்கு அனுப்பினார். ஊட்டியில் பாய் கடையில் கேபிள் நெட் இருக்கிறது.

"எறக்கிட்டேன் தங்கச்சி," என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி வளைவில் காத்திருந்த எங்களுக்குப் பாய் போன் செய்தார். அவர் குரலிலும் பெருமை. "என் மெசின்ல போட்டுப் பாத்தேன், சோக்கா ஓடுது. பென் டிரைவ்ல ஏத்தி பஸ்ல குடுத்து விடறேன்."

எங்கள் மலையில் எல்லாமே பஸ்ஸில்தான் வரும். மருந்து, கண்ணாடி, தைத்த ரவிக்கை, ரிப்பேர் ஆன மிக்ஸி, எதுவானாலும் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் முன்னால் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தந்த ஸ்டாப்பில் ஹாரன் அடித்து இறக்குவார். ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக அரவேணு வரும் பஸ்ஸுக்கு ரவிக்குமார் அண்ணன் டிரைவர். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அதனால் பாய் ஒவ்வொரு பார்சலோடும் அவருக்கு ஒரு பொட்டலம் வர்க்கி கொடுப்பார். ஊட்டி வர்க்கி, மொறுமொறுப்பான பேக்கரிப் பலகாரம், அடுக்கு அடுக்காக, டீயில் தொட்டால் கரையும். ஆக, பாய் கொடுப்பதில் பெட்டி என்றால் பார்சல், வர்க்கி என்றால் டிரைவருக்கு. இது பல வருட ஒப்பந்தம்.

ரவிக்குமார் அண்ணனிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும், "யாரு குடுத்ததுன்னு சொல்றதுங்க?" என்று கேட்பார். சேர்க்கும் இடத்தில் அதை அப்படியே சொல்வார். ஊட்டியில் தேவாலா பஸ்ஸில் மாற்றிவிடச் சொல்லி நான் அம்மாவுக்கு ஏதாவது கொடுத்துவிட்டால் மட்டும் கேட்கமாட்டார். "தெரியும், கரண்டுக்காரர் சம்சாரம்," என்று அவரே சொல்லிக்கொள்வார். என் கையெழுத்தில்லாமல் அந்த எஸ்டேட்டில் ஒரு சாக்குக் கொழுந்து லாரி ஏறாது. ஆனாலும் ஒன்பது வருடமாக நான் கரண்டுக்காரர் சம்சாரம்தான்.

அன்று மழை. கட்டைவிரல் அளவு பென் டிரைவ் கண்ணாடிக்கு அடியில் நழுவி எங்கேயாவது போய்விடும் என்று பாய் பயந்திருக்கிறார். அதனால் ஒரு வர்க்கிப் பொட்டலத்தின் நடுவில் வைத்து மூடி, "இது ரஞ்சனிக்கு," என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தப்படி டிரைவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே பேக்கரி, ஒரே அளவு, ஒரே நூல்.

அரவேணு ஸ்டாப்பில் ரவிக்குமார் அண்ணன் பொட்டலத்தை நீட்டி, "பாய் குடுத்தாருங்க. உங்களுக்கும் வர்க்கி ஆரம்பிச்சுட்டாரா?" என்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். வர்க்கி. அடியிலும் வர்க்கி. முறத்தில் கொட்டினோம். வர்க்கிக்குள் வைத்துச் சுட்டிருப்பாரோ என்று ஒவ்வொன்றாக உடைத்தோம். அடுக்கு அடுக்காகப் பிரித்தோம். கடைசியில் முறம் நிறையத் தூள்தான் இருந்தது. சுரேந்திரன் அதைச் சல்லடையில் சலித்தும் பார்த்தார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப் பாய்க்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பொட்டலம் குடுத்தேனேம்மா," என்றார் பாய். "ரவிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு." இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

ரவிக்குமார் அண்ணன் வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார், நல்ல மனிதர். கோத்தகிரி ஸ்டாண்டில் அரை மணி நேரம் நிற்கும் பஸ் அது. அதற்குள் பிடிக்க வேண்டும். பைக்கை எடுத்தோம். இரண்டாவது வளைவில் காட்டெருமை. ஒன்றல்ல, குடும்பமே ரோட்டில் நின்றது. அவை நகரும்வரை நாமும் நகரக்கூடாது. சுரேந்திரன் எஞ்சினை அணைத்தார். சும்மா இருக்க வேண்டுமே என்று, "குவாக்காவுல ஃபைலை எப்படி அடுக்கி வெக்கறாங்கன்னா," என்று ஆரம்பித்தார்.

"இப்ப வாயைத் தொறந்தீங்கன்னா உங்களை அந்தக் கடா முன்னாடி தள்ளிருவேன்," என்றேன். எருமைக்குக் கூட அது கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வழி விட்டது.

ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ரவிக்குமார் அண்ணன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இல்லை. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பெட்டியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. இரண்டு வர்க்கி மிச்சம். பாட்டுப் பெட்டியில் என் பென் டிரைவ் சொருகியிருந்தது.

"வாங்க வாங்க," என்றார். "பாருங்க, பாய் வருசம் பூரா வர்க்கி குடுத்தாரு. இந்த வாட்டி பாட்டும் சேத்துக் குடுத்துட்டாருன்னு எனக்கு ஒரே சந்தோசமுங்க. சொருகுனா 'நோ ஃபைல், நோ ஃபைல்'னே காட்டுது. பொட்டிதான் ரிப்பேர் போலிருக்குதுன்னு தட்டிக்கிட்டு இருக்கறேன். ஏனுங்க சுரேந்திரன், நீங்க கரண்டுக்காரர்தான, கொஞ்சம் பாருங்களேன்."

நான் கையை நீட்டிப் பென் டிரைவை உருவினேன். வர்க்கித் தூளை முந்தானையில் துடைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு வர்க்கியையும் பிராயச்சித்தமாக எங்களுக்கே கொடுத்தார்.

சாயங்காலம் அந்த ஆபீஸ் திறந்தது. பதினான்கு ஃபீல்டும் பதினான்கு நிறத்தோடு வந்து நின்றன. தமிழ் எழுத்துகூடக் கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. நான் சுரேந்திரனைப் பார்த்தேன். அவர் அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தார். அன்று சமையல் முழுக்க அவருடையது. நான் மிச்ச ஸ்லைடுகளை முடித்தேன்.

திங்கட்கிழமை கோத்தகிரி ஆபீசில் மூன்று பேர் காத்திருந்தோம். விஜயன் என்ற பையன் விவசாய டிப்ளமா, புது லேப்டாப், புது ஷூ. இன்னொருவர் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டு பேரும் உள்ளே போய் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெனரல் மேனேஜர் எட்மண்ட் சார் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை, கழுத்தில் மப்ளர். பக்கத்தில் ஆபீஸ் மேனேஜர் சுமலதா மேடம், கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்திருந்தார். நான் வணக்கம் சொல்லி, புரொஜெக்டர் ஒயரைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுவர் முழுக்க அந்தப் பிராணி சிரித்தது.

எட்மண்ட் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"குவாக்கா! ஓ மை காட். யார் போட்டாங்க, ஜலாலுதீனா?"

"எங்க வீட்டுக்காரருங்க சார்."

"என் வீட்ல பழைய டெஸ்க்டாப்ல இதான் ஓடுது. பிரில்லியன்ட் சிஸ்டம். ஆனா ஆபீஸ் சாஃப்ட்வேர்தான் கிடையாது. எட்டு மாசமா அந்த ஜலாலுதீனைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் ஸ்லைடைத் திறந்தேன். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கமே வந்துவிட்டார்.

"இது என்ன? ஸ்லைடு ஓடுதே? எங்க கிடைச்சது இது?"

பாய் சொன்ன அந்த ஒரே ஒருத்தர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிரேசில் அம்மாளைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். அது போதவில்லை. எலியை என் கையிலிருந்து வாங்கி, அதாவது மவுஸை வாங்கி, மெனு மெனுவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கணக்குத் தாளில் மூன்றையும் நாலையும் பெருக்கிப் பார்த்து, "மல்டிப்ளிகேஷன் வருது!" என்று சுமலதா மேடத்திடம் சொன்னார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் இருபது நிமிடத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. எட்மண்ட் சார் முகத்தில் என் வீட்டுக்காரர் அப்படியே தெரிந்தார்.

ஒன்பது வருடம் மழையிலும் அட்டையிலும் நின்றது எதற்காக? இந்த எலியைக் காட்டுவதற்கா? அவர் ஜெனரல் மேனேஜர் என்பது நினைவில்தான் இருந்தது, இருந்தாலும் கை முன்னால் போய்விட்டது. லேப்டாப் மூடியைப் பாதி சாத்தினேன். சுவரில் இருந்த படம் அணைந்தது.

"சார், மன்னிச்சுக்கங்க. இந்தப் பேச்சை நான் எங்க ஊட்டுல தினமும் கேக்கறேனுங்க. இங்க நான் கவாத்தைப் பத்திப் பேச வந்தேன்."

சுமலதா மேடம் குனிந்துகொண்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை. எட்மண்ட் சார் மவுஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சாரி," என்றார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் ஆசை விடவில்லை. "போகும்போது அந்த பென் டிரைவை மட்டும் கொஞ்சம்..."

"இன்னிக்குத் தர மாட்டேனுங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்குத் தந்துட்டு எனக்கு வேலை கெடச்சா, பென் டிரைவ் குடுத்து வாங்குனான்னு சொல்லுவாங்க. வெளிய யாரும் சொல்லாட்டியும் எனக்கே அப்படித்தான் தோணும். முடிவைச் சொல்லுங்க. மறுநாள் பஸ்ல வந்துரும். எனக்குக் கெடச்சாலும் வரும், விஜயனுக்குக் கெடச்சாலும் வரும்."

எட்மண்ட் சார் மப்ளரைச் சரி செய்துகொண்டார். சுமலதா மேடத்தைப் பார்த்து, "டைமை முதல்ல இருந்து வைங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் அவர் வேறு ஆள். "சொல்லுங்க. எந்த ஃபீல்டுல ஆரம்பிக்கறீங்க?"

சொன்னேன். வேரை நறுக்கி அயோடின் விட்டால், சத்துள்ள வேர் கறுக்கும். அந்த மாதிரி கறுத்த ஃபீல்டுகளை முதலில் வெட்டலாம் என்பது என் திட்டம். ஒவ்வொரு வேருக்கும் போட்டோ வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு போட்டோவிலும் நிறுத்திக் கேள்வி கேட்டார். ஏழாம் நம்பர் ஃபீல்டில் என்னைப் பிடித்துவிட்டார். வேர் எடுப்பதற்கு முன்னால் அங்கே கொழுந்து பறிப்பதை நிறுத்தி வைத்தீர்களா என்றார். நிறுத்தவில்லை. பறித்துக்கொண்டே இருந்தால் வேரில் சத்து சேராது, அப்படியென்றால் இந்த டெஸ்டை நம்ப முடியாதே என்றார்.

"ஆமாங்க சார். அது என் தப்புதான். ஏழாம் நம்பரை மறுபடியும் பாக்கணும்," என்றேன். அவர் தலையாட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார். கடைசி ஸ்லைடு வரைக்கும் குவாக்கா என்ற வார்த்தை அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை.

வெளியே சுரேந்திரன் குடையோடு நின்றார்.

"எப்படி ஓடுச்சு?"

"யாரைக் கேக்கறீங்க? என்னையா, எலியையா?"

"உன்னைத்தான்," என்றார். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நொடியை மன்னித்துவிட்டேன்.

பிறகு பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் நம்பரை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பென் டிரைவைக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. தோன்றிய உடனே என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. பென் டிரைவ் அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. சுரேந்திரன் அதைத் தொடவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நாள் எந்த சிஸ்டத்தைப் பற்றியும் பேசாமல் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது ஆபீஸ் கிளார்க் எல்லப்பன் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். கோத்தகிரியிலிருந்து போனாம். என் பேரில் ஆர்டர் டைப் ஆகிவிட்டதாம். ஆறு மாதம் பயிற்சி, பிறகு நிரந்தரம். ஏழாம் நம்பரில் மறுபடி டெஸ்ட் எடுத்து எட்மண்ட் சாருக்கு நேரடியாக அனுப்ப வேண்டுமாம். நான் தராசைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சாக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். அப்புறம்தான் அழுதேன்.

மறுநாள் காலை அரவேணு ஸ்டாப்பில் நின்றேன். இந்தத் தடவை வர்க்கி வேலையெல்லாம் இல்லை. பென் டிரைவைத் தீப்பெட்டிக்குள் வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, அதைத் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். ரவிக்குமார் அண்ணனுக்கு ஒரு பொட்டலம் வர்க்கி தனி. பஸ் வந்து நின்றது. அண்ணன் இரண்டையும் வாங்கி, பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"இதுல பாட்டு இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா. கோத்தகிரில எட்மண்ட் சார் ஆபீசுல குடுத்துருங்க."

"சரிங்க. கரண்டுக்காரர் சம்சாரம் குடுத்தாங்கன்னு சொல்லிர்றேன்." கியரைப் போட்டுவிட்டார்.

"அண்ணா," என்றேன். கியரில் கையை வைத்தபடியே திரும்பினார். "ஃபீல்டு ஆபீசர் குடுத்தாங்கன்னு சொல்லுங்க."

ரவிக்குமார் அண்ணன் என்னைப் பார்த்தார். என் பூட்ஸைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைக் கண்ணாடிக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளி வைத்துவிட்டு, பின்னால் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஃபீல்டு ஆபீசர் அம்மாவோட பார்சலுங்க. யாரும் முன்னாடி வந்து கைய வெச்சுறாதீங்க."